துறவியும் வாளும்: ரோட்ஸ் நகரத்தில் நடந்துகொண்டே புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

வெள்ளை அங்கி, அதில் சிவப்புச் சிலுவை, கையில் நீண்ட வாள், எங்கோ ஒரு பாதாள அறையில் புதையல். இடைக்கால ஐரோப்பாவின் துறவி வீரர்களைப் பற்றி யூடியூபில் தேடினால் முதலில் வந்து விழுவது இதுதான். டெம்ப்ளர்கள் என்ற பெயர் பலருக்குத் தெரியும். அவர்கள் யார், அன்றாடம் என்ன வேலை பார்த்தார்கள், அவர்கள் சாப்பாட்டுச் செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்டால் பதில் வராது.

கிரேக்கத் தீவான ரோட்ஸின் பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் பலரும் இதே படத்தோடுதான் போகிறார்கள். உல்லாசக் கப்பலில் வந்து இறங்குகிறார்கள், கோட்டை வாசலில் செல்ஃபி எடுக்கிறார்கள், கடைவீதியில் ஒரு கவச வீரர் பொம்மையை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் கப்பலேறிவிடுகிறார்கள். ஆனால் ரோட்ஸை ஆண்டவர்கள் டெம்ப்ளர்களே இல்லை. அவர்கள் ஹாஸ்பிட்டலர்கள், அதாவது ஒரு மருத்துவமனையில் தொடங்கி, படையாகி, பிறகு ஒரு நாட்டையே ஆண்ட துறவிகள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் வாழ்ந்த தெரு இன்றும் நடந்து பார்க்கும் நிலையில் இருக்கிறது. அந்தத் தெருவைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தால் இந்த அமைப்பு எப்படி இயங்கியது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரு மடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

மடங்களும் ஆதீனங்களும் நமக்குப் பழக்கமானவை. ஓர் ஆதீனத்தில் தலைவர் இருப்பார், தீட்சை பெற்ற துறவிகள் இருப்பார்கள். துறவிக்கு என்று தனிச்சொத்து கிடையாது. ஆனால் மடத்துக்கு ஊர் ஊராக நிலம் இருக்கும். அந்த நிலங்களின் குத்தகை நெல்லும் பணமும் தலைமை மடத்துக்கு வந்து சேரும். அதில் பூசை நடக்கும், அன்னதானம் நடக்கும்.

இப்போது அந்த மடத்துத் துறவிகளில் ஒரு பகுதியினர் குதிரையேறிச் சண்டை போடப் பயிற்சி பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வழிபாடு, தலைவர் உத்தரவிட்டால் போர். சண்டையில் கிடைப்பதும் மடத்துக்கே. இதுதான் போர்த் துறவறச் சபை. துறவறச் சபை என்பது ஒரே ஒழுங்கு விதியை ஏற்று ஒரே தலைமையின் கீழ் வாழும் துறவிகளின் அமைப்பு. கத்தோலிக்கத் துறவிகள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுக்க வேண்டும். ஹாஸ்பிட்டலர் வீரரும் இந்த மூன்றையும் கொடுத்தவர்தான். மனைவி இல்லை, வாரிசு இல்லை, அவர் இறந்தால் அவர் கையில் இருந்ததில் பெரும்பகுதி சபைக்குத்தான்.

சாதாரண இடைக்கால வீரரிலிருந்து இவர் வேறுபடுவது இங்கேதான். அந்தக் காலத்துப் பிரபு குடும்பத்துக் குதிரை வீரர் ஓர் அரசருக்கோ பெரிய நிலக்கிழாருக்கோ கட்டுப்பட்டவர். அவருக்கு நிலம், குடும்பம், வாரிசுச் சண்டை எல்லாம் உண்டு. எருசலேமையும் சுற்றியிருந்த ‘புனித பூமி’யையும் முஸ்லிம்களிடமிருந்து பிடிக்க ஐரோப்பியக் கிறித்தவர்கள் நடத்திய சிலுவைப் போருக்குப் போனவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான், நேர்ச்சையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள். சபை வீரர் திரும்பமாட்டார். அவருக்கு அது வாழ்நாள் பணி. புனித பூமியில் ஐரோப்பியர் பிடித்த கோட்டைகளைக் காக்க நிரந்தர ஆள் தேவைப்பட்டபோது இந்தச் சபைகளின் மதிப்பு மளமளவென்று ஏறியதற்குக் காரணம் இதுதான்.

சபைக்குள் எல்லாரும் வீரர்களும் இல்லை. மூன்று அடுக்கு இருந்தது: பிரபு குலத்தில் பிறந்த வீரர்கள், வழிபாட்டைக் கவனிக்கும் குருக்கள், பிரபு குலம் அல்லாத பணிச் சகோதரர்கள். இந்த மூன்றாவது வகையினரும் சண்டை போட்டார்கள், நோயாளிகளையும் கவனித்தார்கள். பொம்மைக் கடையில் இவர்களுக்கு இடமில்லை.

மருத்துவமனை படையான கதை

11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் எருசலேமில் திருப்பயணிகளுக்காக ஒரு விடுதியும் மருத்துவமனையும் நடத்தினார்கள். அப்போது எருசலேம் இஸ்லாமிய ஆட்சியில் இருந்தது; சிலுவைப் போர் தொடங்கியிருக்கவில்லை. 1099இல் முதல் சிலுவைப் போர்ப் படை நகரத்தைப் பிடித்தபோது அந்த மருத்துவமனையை நடத்திக்கொண்டிருந்தவர் ஜெரார்டு என்பவர். திருப்பயணிகள் கூட்டம் பெருகியது, நன்கொடையும் பெருகியது. 1113இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் இதைத் தனிச் சபையாக அங்கீகரித்தார். புனித திருமுழுக்கு யோவானின் பெயரால் அந்தச் சபை அறியப்பட்டது.

ஜெரார்டுக்குப் பிறகு வந்த ரேமோன் து புயி சபைக்கு எழுத்தில் ஒழுங்கு விதி கொடுத்தார். அந்த விதியில் நோயாளிகளுக்கு ‘எஜமானர்கள்’ என்ற இடம். சபைக்காரர்கள் அவர்களுடைய ஊழியர்கள். பேச்சுக்குச் சொன்னதாக நினைக்க வேண்டாம். 1182இல் இயற்றப்பட்ட சட்டங்களைப் பார்த்தால் அசந்துபோவோம். எருசலேம் மருத்துவமனைக்கு நான்கு மருத்துவர்கள் வேண்டும், அவர்களுக்குச் சிறுநீரைப் பார்த்து நோயறியத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் நீள அகலமான கட்டில், அவரவருக்குத் தனி விரிப்பு, போர்வை. இரவில் கழிப்பிடம் போய்வர ஆளுக்கு ஓர் ஆட்டுத்தோல் மேலங்கியும் காலணியும். மருத்துவமனையில் பிறக்கும் திருப்பயணிகளின் குழந்தைகளுக்குத் தனித் தொட்டில். பல மருத்துவமனைகளில் ஒரே படுக்கையில் இரண்டு மூன்று பேர் படுத்துக்கிடந்த காலம் அது.

சரி, வாள் எப்போது வந்தது? திருப்பயணிகள் வரும் வழியில் கொள்ளை அதிகம். அவர்களைக் காப்பாற்றும் வேலை மெல்லப் படைவேலையாக மாறியது. 1136இல் எருசலேம் அரசர் ஃபுல்க் ஓர் எல்லைக்கோட்டையை ஹாஸ்பிட்டலர்களிடம் ஒப்படைத்தார். 1142இல், இன்றைய லெபனானில் உள்ள திரிப்போலியின் பிரபு, இன்றைய சிரியாவில் உள்ள கிராக் தெ ஷெவாலியே கோட்டையைக் கொடுத்தார். கோட்டை வந்தால் காவல் வேண்டும், காவலுக்கு வீரர் வேண்டும். இப்படித்தான், ஒரே நாளில் முடிவெடுத்து அல்ல, ஒரு தலைமுறைக்குள் மருத்துவமனைச் சபை போர்ச் சபையும் ஆனது.

டெம்ப்ளர்கள் தொடக்கத்திலிருந்தே வேறு ரகம். 1120ஐ ஒட்டி, வழிப்பயணிகளைக் காப்பதற்கென்றே உருவான வீரர் குழு அது. மருத்துவமனை வேலை அவர்களுக்கு மையமாக இருந்ததில்லை. அவர்கள் அங்கி வெள்ளை, சிலுவை சிவப்பு. ஹாஸ்பிட்டலர்களின் அங்கி கறுப்பு, சிலுவை வெள்ளை. போருக்குச் சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை. படம் பார்த்து அடையாளம் காண இது போதும்.

1187இல் சலாவுதீன் எருசலேமைப் பிடித்தார். 1291இல் கடைசிப் பெரிய தளமான ஆக்ரெ நகரமும் வீழ்ந்தது. ஹாஸ்பிட்டலர்கள் சைப்ரசுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு மேலே ஓர் அரசர் இருந்தார், அது அவர்களுக்குச் சரிப்படவில்லை. 1306இல் சபையின் தலைவரான பெருந்தலைவர் ஃபுல்க் தெ வில்லாரே தலைமையில் ரோட்ஸ் மீது படையெடுத்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்போது ரோட்ஸ் பெயரளவிலாவது பைசாந்தியக் கிறித்தவப் பேரரசுக்கு உரியது. கிறித்தவ வீரர்கள் கிறித்தவர்களிடமிருந்து பிடித்த தீவு. 1309இல் தலைமையகம் அங்கே மாறியது.

அந்த நேரம் முக்கியம். 1307 அக்டோபர் 13ஆம் தேதி பிரெஞ்சு அரசர் நான்காம் ஃபிலிப் தன் நாட்டிலிருந்த டெம்ப்ளர்களைக் கூண்டோடு கைது செய்தார். புனித பூமி கைவிட்டுப் போன பிறகு அவர்களிடம் நிலமும் பணமும் இருந்தன; மக்கள் கண்ணுக்குத் தெரியும் வேலை இல்லை. 1312இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து அந்தச் சபையைக் கலைத்தார். அவர்களுடைய நிலங்களில் பெரும்பகுதி யாருக்குப் போக வேண்டும் என்று உத்தரவானது? ஹாஸ்பிட்டலர்களுக்குத்தான். புதையல் தேடுகிறவர்கள் இந்த உத்தரவைப் படித்தால் நிறைய நேரம் மிச்சமாகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூன்று வார்த்தைப்பாடு கொடுத்த துறவிகள், முதலில் மருத்துவமனை, பிறகு கோட்டைக் காவல், கடைசியில் சொந்தமாக ஒரு தீவு. இனி அந்தத் தீவின் தலைநகருக்குள் போகலாம்.

நடையை மருத்துவமனையில் தொடங்குங்கள்

பலரும் அரண்மனையில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கீழே, துறைமுகப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும். சபையே அங்கேதானே தொடங்கியது.

இன்று அந்தக் கட்டடம் தொல்லியல் அருங்காட்சியகம். பெருந்தலைவர் ஃபுளுவியான் விட்டுச்சென்ற 10,000 பொற்காசுகளை வைத்து 1440இல் வேலை தொடங்கியது; 1489இல் முடிந்தது. உள்ளே நடுமுற்றம், சுற்றிலும் இரண்டடுக்குத் தாழ்வாரம். பெரும்பாலோர் கிரேக்கச் சிலைகளைத் தேடிக்கொண்டு போவார்கள். நீங்கள் மாடிக்குப் போய் நோயாளிகள் கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள்.

ஏறத்தாழ 50 மீட்டர் நீளமான ஒரே கூடம். நடுவில் வரிசையாகத் தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள், அதற்கும் மேலே மரக்கூரை. சுவரில் சின்னச் சின்னக் கதவுகள் தெரியும். அவற்றுக்குப் பின்னால் சன்னலில்லாத குட்டி அறைகள். நீள்சுவரின் நடுவே ஒரு குழிவு இருக்கிறது, அது சிற்றாலயம். பலிபீடம் அங்கே இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவரும் கட்டிலிலிருந்தபடியே திருப்பலி காணலாம். மருத்துவமனையும் கோயிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்று சொல்வதைவிட, அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன என்பதுதான் சரி. நோயாளி உள்ளே வந்ததும் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது), பிறகுதான் மருந்து என்பது சபையின் பழைய விதி.

கீழ் முற்றத்தில் கல் பீரங்கிக் குண்டுகள் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மருத்துவமனை முற்றத்தில் குண்டுக் குவியல். இந்தச் சபையை விளக்க இதைவிட நல்ல காட்சி ஊரில் வேறில்லை, அதை அங்கே வைத்தவர்கள் அப்படி நினைத்து வைத்தார்களோ இல்லையோ.

வீரர் வீதி: ஒரு தெருவில் ஐரோப்பா

மருத்துவமனையை ஒட்டி மேற்கே மேடேறும் தெருதான் வீரர் வீதி. கிரேக்க மொழியில் இதன் பெயர் ‘இப்போதோன்’. சுமார் 200 மீட்டர்தான் இருக்கும். பண்டைய கிரேக்க நகரம் துறைமுகத்திலிருந்து மேட்டுக்குப் போட்ட நேர்த்தெருவின் மேலேயே இதுவும் ஓடுகிறது. தரை முழுக்கக் கூழாங்கல். மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்போடு போனால் பாதம் பதில் சொல்லும்.

இரண்டு பக்கமும் கல் கட்டடங்கள், முகப்பில் குலச்சின்னங்கள். இந்தக் கட்டடங்கள்தான் விடுதிகள். இவற்றைப் புரிந்துகொள்ள மொழிக்குழு என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சபையில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களைப் பிறந்த பகுதிவாரியாகப் பிரித்தார்கள்: புரோவான்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, ஆரகான் (இன்றைய ஸ்பெயினில்), இங்கிலாந்து, ஜெர்மனி. ஒவ்வொன்றும் ஒரு மொழிக்குழு. பெயரில் மொழி இருந்தாலும் இது உண்மையில் நிர்வாகப் பிரிவு. பட்டியலை மறுபடி பாருங்கள். முதல் மூன்றும் இன்றைய பிரான்சுக்குள் அடங்கியவை. எனவே சபையின் முடிவுகளில் பிரெஞ்சுக்காரர் கை ஓங்கியே இருந்தது. மற்றவர்களுக்கு அதில் புகைச்சல். 1462இல் ஆரகானிலிருந்து காஸ்திலும் போர்ச்சுகலும் பிரிந்து தனிக் குழுவானதால் எண்ணிக்கை எட்டானது.

பதவிகளையும் குழுவாரியாகவே பங்கு போட்டிருந்தார்கள். புரோவான்ஸ் குழுவின் தலைவருக்குக் கருவூலம், ஓவெர்னுக்குப் படை, பிரான்சுக்கு மருத்துவமனை, இத்தாலிக்குக் கப்பற்படை, இங்கிலாந்துக்கு உள்ளூர்க் குதிரைப்படையும் கரைக்காவலும். எந்த ஊர்க்காரர் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது பிறப்பிலேயே பாதி முடிவாகிவிடும். அங்கேயும் அரசியல் இப்படித்தான்.

மேடேறும்போது வலப்பக்கம் முதலில் இத்தாலிய விடுதி. 1519இல் பெருந்தலைவர் ஃபாப்ரிசியோ தெல் கரெத்தோ புதுப்பித்தது. அதற்கு மேலே பிரான்ஸ் விடுதி. தெருவிலேயே அழகான முகப்பு இதற்குத்தான். பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூச் சின்னத்தையும், பெருந்தலைவர் எமெரி தாம்புவாஸின் குலச்சின்னத்தையும் அதில் காணலாம். குலச்சின்னம் என்பது வெறும் அலங்காரம் கிடையாது. பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ‘இது யார் செலவில் கட்டியது’ என்று சொல்லும் பலகை அது. பெருந்தலைவரின் சின்னங்களை அடையாளம் காணப் பழகிவிட்டால், ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களுக்கு ஆண்டு கணக்கிடலாம். தெருவின் மேல்முனைக்கு அருகில் வலப்புறம் புரோவான்ஸ் விடுதியும் எதிரே ஸ்பெயின் விடுதியும் இருக்கின்றன. இங்கிலாந்து விடுதி தெருவில் இல்லை. மருத்துவமனை வாசலுக்கு எதிரே சதுக்கத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு பரவலான தவறு. வீரர்கள் எல்லாரும் இந்த விடுதிகளில்தான் குடியிருந்தார்கள் என்று பலர் சொல்வார்கள். விடுதி என்பது குழு கூடிப் பேசும் இடம், சேர்ந்து சாப்பிடும் இடம், ஊரிலிருந்து வரும் விருந்தாளியைத் தங்கவைக்கும் இடம். காலம் போகப்போக வீரர்கள் பலர் நகரத்தில் தனி வீடுகளில் இருந்தார்கள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குத் தனி வீடா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். தொடக்கத்தில் இருந்த கெடுபிடி ரோட்ஸ் காலத்தில் தளர்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

ரோட்ஸ் சிறிய தீவு. ஒரு பெரிய மருத்துவமனை, சில நூறு வீரர்கள், துடுப்புக் கப்பல்கள், கிலோமீட்டர் கணக்கில் மதில் என்று இத்தனையையும் அந்த மண்ணின் விளைச்சல் தாங்காது.

பணத்தின் முதல் ஊற்று கமாண்டரிகள். ஐரோப்பாவில் சபைக்குத் தானமாக வந்த நிலங்களை மேற்பார்க்கும் கிளைமடம்தான் கமாண்டரி. ஸ்காட்லாந்து முதல் ஹங்கேரி வரை இவை பரவியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். வயலும் ஆலையும் காடும் தரும் வருமானத்தில், கொள்கையளவில் மூன்றில் ஒரு பங்கைத் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் பாக்கி விழுந்துகொண்டே இருந்தது, அரசர்கள் குறுக்கே விழுந்து தடுத்ததும் உண்டு. ஓர் இளம் பிரபு ஏன் இந்தச் சபையில் சேர்ந்தான் என்பதற்குப் பக்தி ஒரு காரணம்; சில ஆண்டு ரோட்ஸில் பணியாற்றிவிட்டு ஊருக்குப் பக்கத்தில் நல்ல கமாண்டரி ஒன்றைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். சைப்ரசின் கொலோசியில் சபையின் கமாண்டரி கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை காய்ச்சியது. அந்தக் கோட்டையும் ஆலைக்கட்டடமும் இன்றும் நிற்கின்றன.

இரண்டாவது ஊற்று கடல். ரோட்ஸின் வடக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் அனத்தோலியக் கரை, அதாவது இன்றைய துருக்கி. எகிப்துக்கும் கான்ஸ்தாந்திநோப்பிளுக்கும் (இன்றைய இஸ்தான்புல்) இடையே ஓடும் கப்பல்கள் இந்த வழியாகத்தான் போக வேண்டும். சபையின் உரிமம் பெற்ற கப்பல்கள் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்துச் சரக்கைப் பறித்தன. கொள்ளையில் சபைக்கும் பங்கு. பிடிபட்ட மனிதர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், அல்லது மதில் கட்டும் வேலையில் விடப்பட்டார்கள். ‘எஜமானர்களான நோயாளிகள்’ என்று எழுதிய அதே சபைதான் இது. சுற்றுலா விளக்கங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மதிலைப் பார்த்து வியக்கும்போது அதற்குக் கல் சுமந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதே சமயம், ஒட்டோமான் துருக்கியர்களோடு எந்நேரமும் சண்டை என்றும் நினைக்க வேண்டாம். வணிகம் நடந்தது, உடன்படிக்கைகள் இருந்தன. 1482இல் சுல்தான் இரண்டாம் பாயசீத்தின் தம்பி ஜெம், அண்ணனிடம் அரியணையைத் தோற்று ரோட்ஸில் வந்து அடைக்கலம் புகுந்தார். சபை அவரைப் பிரான்சுக்கு அனுப்பித் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டது. தம்பி திரும்பி வராமல் இருக்க அண்ணன் ஆண்டுதோறும் சபைக்குப் பணம் கட்டினார். 1484இல் திருமுழுக்கு யோவானின் கை என்று போற்றப்பட்ட திருப்பண்டத்தையும் (புனிதரின் உடல் எச்சம்) சுல்தான் அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். ஒரு முஸ்லிம் சுல்தான், கிறித்தவத் துறவிகளுக்கு, அவர்களுடைய பாதுகாவலரின் திருப்பண்டத்தைப் பரிசாகக் கொடுக்கிறார். நல்லவர் கெட்டவர் கதைக்குள் இது அடங்காது.

ஆக, மொழிக்குழுக்கள் ஆளைத் தந்தன, கமாண்டரிகள் பணத்தைத் தந்தன, கடல்கொள்ளை மிச்சத்தை நிரப்பியது. தெருவில் பார்க்கும் கல்லெல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து வந்தது.

மேட்டில் இருக்கும் அரண்மனை எவ்வளவு பழையது?

தெருவின் உச்சியில் வளைவைத் தாண்டினால் வலப்புறம் பெருந்தலைவர் அரண்மனை. இரட்டைக் கோபுர வாசல், அகலப் படிக்கட்டு, மொசைக் தரைகள். கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மேல்தளத்தில் பார்ப்பதில் பெரும்பகுதி 1937க்கும் 1940க்கும் இடையில் கட்டப்பட்டது.

நடந்தது இது. எதிரே புனித யோவான் பேராலயம் இருந்தது. சபையின் தலைமைக் கோயில் அது. 1856இல் மின்னல் தாக்கி, அங்கே சேமித்திருந்த வெடிமருந்து வெடித்தது. கோயில் அடியோடு போயிற்று, அரண்மனையும் சிதைந்தது. 1912இல் தீவைப் பிடித்த இத்தாலியர்கள், முசோலினி காலத்தில் அரண்மனையைத் திரும்ப எழுப்பினார்கள். மொசைக் தரைகள் பக்கத்துத் தீவான கோசிலிருந்து பெயர்த்து வந்தவை. வீரர்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பே கிடையாது. வீரர் வீதியையும் இத்தாலியர்கள்தான் பிற்காலச் சேர்க்கைகளை நீக்கிச் சீரமைத்தார்கள். இடைக்கால நகரம் என்று நாம் பார்ப்பது, ஓரளவுக்கு 20ஆம் நூற்றாண்டு அரசு ஒன்று எப்படிப் பார்க்க விரும்பியதோ அப்படிப்பட்ட இடைக்காலம். அதனால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் பழைய பகுதிகள் இருக்கின்றன. எதைப் பழையது என்று நம்பலாம், எது திரும்பக் கட்டியது என்று தெரிந்து பார்த்தால் போதும்.

உள்மதிலுக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள்

சபைக்காரர்கள் இருந்த வடபகுதிக்குக் கொல்லாக்கியம் என்று பெயர். அதற்குத் தெற்கே, ஓர் உள்மதிலுக்கு அப்பால், ஊர்மக்கள் வாழ்ந்த பூர்கஸ். மக்கள்தொகையில் பெரும்பான்மை இங்கேதான்: ஆர்த்தடாக்ஸ் கிரேக்கர்கள், யூதர்கள், மேற்கத்திய வணிகர்கள்.

நகரத்தின் சமய வரலாற்றை ஒரே கட்டடத்தில் படிக்க வேண்டுமானால், மருத்துவமனைக்குச் சற்று வடக்கே உள்ள கோட்டை மாதா கோயிலுக்குப் போங்கள். முதலில் பைசாந்திய ஆர்த்தடாக்ஸ் கோயில். சபை வந்ததும் கத்தோலிக்கப் பேராலயம். 1522இல் ஒட்டோமான்களிடம் நகரம் வீழ்ந்த பின் மசூதி. இன்று அருங்காட்சியகம். பூர்கஸின் கிழக்கே பூர்கஸ் மாதா கோயிலின் மூன்று அரைவட்டச் சுவர்கள் மட்டும் கூரையின்றி நிற்கின்றன, கோதிக் பாணி. சொக்ராத்தூஸ் கடைவீதியின் மேல்முனையில் சுலைமான் மசூதி.

யூதர் பகுதியில் 1577இல் கட்டிய கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. கிரேக்கத்தில் இன்னும் புழக்கத்தில் உள்ளவற்றில் மிகப் பழையது. ஆண்டைக் கவனியுங்கள்: சபை போய் அரைநூற்றாண்டுக்குப் பிறகு. 1480இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்டபோது யூதர் பகுதி மதில்தான் உடைந்தது, அங்கே யூதர்களும் சேர்ந்து நகரத்தைக் காத்தார்கள். ஆனால் அந்த முற்றுகையின்போது பெருந்தலைவராக இருந்த பியேர் தோபுசோனே பின்னாளில் அவர்களை ‘மதம் மாறு, இல்லையேல் வெளியேறு’ என்றார். ஒட்டோமான் ஆட்சியில்தான் அந்தச் சமூகம் மீண்டும் தழைத்தது. 1944 ஜூலையில் நாஜிகள் அவர்களை ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோனார்கள். மிகச் சிலரே பிழைத்தார்கள். பக்கத்துச் சதுக்கத்துக்கு யூதத் தியாகிகள் சதுக்கம் என்று பெயர்.

மதிலும் இரண்டு முற்றுகைகளும்

நகரத்தைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் மதில். வெயில் தாழ்ந்த பிறகு அகழிக்குள் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் இல்லாத அகழி, புல்லும் மரமும், ஆங்காங்கே கல் குண்டுகள்.

மதிலையும் மொழிக்குழுவாரியாகவே பங்கிட்டிருந்தார்கள். இந்தக் கோபுரத்திலிருந்து அந்த வாசல் வரை இங்கிலாந்து, அடுத்தது புரோவான்ஸ் என்று. 1480இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அனுப்பிய படை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அதற்குப் பிறகு மதிலின் வடிவமே மாறியது. உயரமான மெல்லிய சுவர், ஏணி வைத்து ஏறுபவனைத் தடுக்கும். பீரங்கிக் குண்டுக்குச் சரிந்துவிடும். எனவே சுவரைத் தடிப்பாக்கினார்கள், சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல். அகழியை அகலமாக்கினார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தளங்களைக் கட்டினார்கள். 1512இல் கட்டிய தாம்புவாஸ் வாசல் வழியாக நுழைந்தால் பாதை வளைந்து வளைந்து போவதைக் கவனிக்கலாம். நேரே ஓடிவர முடியாதபடி செய்த ஏற்பாடு.

1522இல் சுல்தான் சுலைமானே வந்தார். ஒட்டோமான்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்தார்கள். சபையின் பொறியாளர் கபிரியேலே தாதினி அதற்கு ஒரு வழி கண்டார். தோல் இழுத்துக் கட்டிய முரசுகளில் சிறு மணிகளைப் பொருத்தி நிலத்தில் வைத்தார். கீழே எங்காவது மண்வெட்டி விழுந்தால் தோல் அதிர்ந்து மணி ஒலிக்கும். அந்த இடத்தில் எதிர்ச்சுரங்கம் தோண்டுவார்கள். பல சுரங்கங்கள் இப்படிப் பிடிபட்டன. ஆனால் ஐரோப்பாவிலிருந்து உதவிப் படை வரவில்லை, வெடிமருந்து தீர்ந்தது, ஊர்மக்கள் சரணடையச் சொல்லி மன்றாடினார்கள். ஏறத்தாழ ஆறு மாதம் தாக்குப்பிடித்த பிறகு டிசம்பரில் பெருந்தலைவர் வில்லியே தெ லீல்-அதாம் இணங்கினார். வீரர்கள் ஆயுதத்தோடு வெளியேறலாம், ஊர்மக்களில் போக விரும்புகிறவர்கள் மூன்றாண்டுக்குள் போகலாம் என்று சுலைமான் சலுகை கொடுத்தார். 1523 ஜனவரி முதல் நாள் சபை கப்பலேறியது.

அப்புறம் எங்கே போனார்கள்?

ஏழாண்டு அலைச்சலுக்குப் பிறகு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். 1798இல் நெப்போலியன் அங்கிருந்தும் விரட்டினார். சபை அழிந்துவிடவில்லை. 1834இலிருந்து ரோமில் இருக்கிறது. ஆள நிலமில்லை; ஆனாலும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு, சொந்தக் கடவுச்சீட்டு, 1994 முதல் ஐ.நா.வில் நிரந்தரப் பார்வையாளர் இடம். வேலை? மருத்துவமனைகளும் ஆம்புலன்சும் பேரிடர் நிவாரணமும். வாள் போய்விட்டது, 1113க்கு முன்பிருந்த வேலை மட்டும் நிற்கிறது.

ரோட்ஸுக்குப் பிறகு மால்டாவின் வாலெட்டாவுக்குப் போக வாய்த்தால் இதே அமைப்பை இன்னொரு பாணியில் பார்க்கலாம். அங்கேயும் மொழிக்குழு விடுதிகள் உண்டு; காஸ்தில் விடுதி இப்போது பிரதமர் அலுவலகம். மருத்துவமனை மாநாட்டு மையமாகிவிட்டது, அதன் பெருங்கூடம் ரோட்ஸில் உள்ளதைப் போல மூன்று மடங்கு நீளம். 1566இல் தொடங்கிய அந்தப் புது நகரத்தில் இங்கிலாந்துக்கு மட்டும் விடுதி எழும்பவில்லை. எட்டாம் ஹென்றி 1540இலேயே தன் நாட்டில் சபையைக் கலைத்து நிலங்களைப் பறித்துக்கொண்டதால், அந்தக் குழுவுக்கு ஆள் வருவது நின்றுபோயிருந்தது.